கொடிக்கு வாங்கி மிஞ்சிய துணி

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் நான் வேலை பார்த்தது நானாவிடம்; தமிழ் முஸ்லிம் வியாபாரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பெரிய கடைகள் கழித்துப் போட்ட சாமான்களை மட்டுமே விற்பார். காலர் கோணிய சட்டை, சாயம் திட்டுத்திட்டாக ஏறிய கைலி, விளிம்பில் பூச்சு பெயர்ந்த இனாமல் தட்டு, ஜோடி இல்லாத தலையணை உறை. விற்காமல் தேங்கியதை மொத்தமாகப் பேசி எடுத்துவந்து, ஒரு சீனரின் சைக்கிள் கடைக்கு முன்னால், வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் பலகை போட்டுப் பரப்புவார். கடையில் கேட்கும் விலையில் பாதிகூட இருக்காது.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன். லாரி கிளீனராக, சிங்கப்பூரில் கோப்பை கழுவுகிறவனாக, கிள்ளானில் மூட்டை தூக்குகிறவனாக இருந்துவிட்டு மலாக்காவுக்கு வந்தபோது மாற்றுச் சட்டை இல்லை. நானா ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டார். ஒரு கை மற்றதைவிட நீளம்.

"நீளமான கையை மடிச்சு விட்டுக்க. வேலைக்கு நிக்கிறியா?"

நின்றேன். இரவில் துணி மூட்டைமேல் படுப்பேன். மூட்டைப்பூச்சி கடிக்கும், மற்றபடி நல்ல படுக்கை.

மற்ற கடைக்காரர்கள் சாமானின் நல்ல பக்கத்தைத் தெருவுக்குக் காட்டுவார்கள். நானா குறையைத்தான் காட்டுவார். கிழிசல் வெளியே தெரியும்படி சட்டையைத் தொங்கவிடுவார். மலாய்ப் பெண்கள் வந்தால் விலை சொல்லுமுன் ஓட்டையில் விரலை விட்டு, "ரோசாக் மாக்சிக், ரோசாக்!" என்று மலாயில் கத்துவார்; கெட்டுப்போனது அத்தை, கெட்டுப்போனது என்று அர்த்தம். இப்படியும் ஒரு வியாபாரமா என்று முதலில் நினைத்தேன்.

"இங்க பாத்து வாங்கினா வீட்ல போயி சந்தோசப்படுவா. வீட்ல போயி பாத்தா என்னத் திட்டுவா" என்றார். அப்படி வாங்கிப் போனவள் மறுபடி வந்தாள். தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தச் சரக்குக்காக அவர் மாதம் இருமுறை லாரியில் சிங்கப்பூர் துறைமுகத்துக் கடைகளுக்குப் போய்வருவார். அவருக்கு இழுப்பு நோய். திரும்பி வரும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மலாக்காவிலேயே நிலையாகச் சரக்குக் கிடைத்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. ஊர் முழுக்கக் கொடி. ஜனங்கள் வீட்டையே துணியால் சுற்றப்போகிறார்கள் என்று எண்ணி, பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடை முதலாளி சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஜனங்களோ தைத்த கொடியாக ஒன்று வாங்கிக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொண்டாட்டம் முடிந்தபோது அவருடைய சரக்குக் கிட்டங்கி கூரைவரை அடைத்துக் கிடந்தது. நானாவுக்கு ஆள் அனுப்பினார்.

"பொறுக்கிட்டுப் போற வேல வேணாம். எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும்."

"எடுக்கிறேன் முதலாளி."

"துணியில ஒட்டியிருக்கிற எங் கடைச் சீட்டக் கிழிச்சிரணும். இந்தப் பக்கம் விக்கக் கூடாது. விக்க விக்க வந்து எடுத்துக்கலாம், ஆனா தீபாவளிச் சரக்கு வர்றதுக்குள்ள கிட்டங்கி காலியாகணும். காலி பண்ணிட்டீங்கன்னா இனிமே வருசா வருசம் இங்க மிஞ்சுறது எல்லாம் உங்களுக்கு. இல்லேன்னா செமாபோக்காரனுக்கு."

செமாபோக்காரர், செமாபோக் என்ற ஊரிலிருந்து வந்து தள்ளுவண்டியில் இதே வியாபாரம் செய்பவர். அப்போதும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

தலையணை உறையாகத் தைத்தால் ஓடிவிடும் என்று நானா கணக்குப் போட்டார். எந்தத் துணியானாலும் விற்குமுன் ஒரு துண்டை நனைத்துப் பார்ப்பது அவர் பழக்கம். நனைத்தார். வாளித் தண்ணீர் ரோஜா சிராப் கலந்த தண்ணி மாதிரி சிவந்துபோனது. நாலு நாள் காற்றில் ஆடுவதற்கென்று நெய்த துணி, சாயம் நிற்கவில்லை.

"இதுல தல வச்சுப் படுத்தா, விடிஞ்சதும் ஊர்ல எல்லாக் கெழவனுக்கும் கன்னம் செவந்திருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சொல்லாம வித்தா யாருக்குத் தெரியும் நானா?"

"மொதத் தடவ தொவைக்கிறவளுக்குத் தெரியும்."

சாயம் போகும் என்று எழுதாத குறையாகச் சொல்லிச் சொல்லி விற்றோம். விற்கவில்லை என்பதுதான் சரி. தொட்டுப் பார்ப்பார்கள், பக்கத்தில் வைத்திருந்த சிவந்த வாளியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். செமாபோக்காரர் அடிக்கடி அந்த வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன நானா, வாளியத்தான் விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நானா வெள்ளிக்கிழமை துக்காங் எமாஸ் தெருப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, மறுபடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள், அங்கே மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஒரு பெண் வழக்கம்போல் பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க வந்தாள். துணியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ நானா! எந்தக் கோயில் செவத்த உரிச்சுக்கிட்டு வந்தீங்க?"

நான் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. "எந்தச் செவரு தங்கச்சி?"

"எங்க மாரியம்மன் கோயில் மதிலு இப்படித்தான, செவப்பும் வெள்ளையும் பட்ட பட்டயா. சாமி கும்பிடக் கை தூக்கிட்டேன் போங்க."

"நவராத்திரிக்குப் பந்தல் போடுவீங்களா?"

"போடாம? பழைய வேட்டியத்தான் சுத்திக் கட்டுவாங்க, ஓட்ட ஓட்டயா."

அவள் சட்டை எடுத்துக்கொண்டு நகர்வதற்குள் நானா எழுந்து சைக்கிள் கடைக்காரரிடம் இரண்டு சைக்கிள் கேட்டுவிட்டார். தோட்டத்தில் பிறந்து அப்படி ஒரு மதிலில் சாய்ந்து விளையாடியவன் நான். துணியைப் பந்தலுக்கு விற்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடியுமுன் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். செம்மண் ரோடு, ஏற்றத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். இறங்கித் தள்ளுவார். முதல் தோட்டத்தில் கோயில் தலைவருக்கு முன்னால் துணியை விரித்தார்.

"தலைவரே, வெயில் தாங்கும், மழ தாங்காது. கூரைக்கு உள்பக்கமாக் கட்டுங்க. சாரல் பட்டா கீழ நிக்கிறவங்க வேட்டி செவந்துரும்."

"விக்க வந்தீங்களா, வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டுந்தான். அதான் இந்த வெல."

தலைவர் விலையைக் கேட்டார். பிறகு துணியைத் தூக்கி மதிலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கோடும் கோடும் பொருந்தி நின்றன. சுற்றி நின்றவர்கள் ஆவென்று ஒரு சத்தம் போட்டார்கள். அடுத்த தோட்டத்தில், சாயம் போகிற துணி அம்மனுக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்ததில் வாங்கினார்கள். அதன்பின் நாங்கள் போகுமுன்பே செய்தி போயிருந்தது. வாங்கியவர்களுக்குச் சம்பந்தக்காரர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்களே. ஒரு தோட்டத்தில் மழை பெய்து பூசாரியே சிவந்துபோனாராம். நானா சொன்னபடியே ஆச்சு என்று சிரித்தார்களே தவிர, ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

தீபாவளிச் சரக்கோடு லாரி வந்து நின்ற காலையில், நாங்கள் கடைசித் துணிக்கட்டை வெளியே எடுத்தோம். முதலாளி கிட்டங்கிக்குள் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க நானா வித்தீங்க இத்தனையும்?"

"வித்துப் போச்சு முதலாளி."

நானா வாங்கும் இடத்தில் விற்கும் இடத்தைச் சொல்லமாட்டார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் லாரிச் சக்கரத்தைப் பார்த்தேன்.

"சரி. தீபாவளி மிச்சம் உங்களுக்குத்தான்" என்றார்.

செமாபோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இனி சிங்கப்பூருக்கு லாரி ஏற வேண்டியதில்லை. நானா ஒருநாளாவது ஓய்ந்து உட்காருவார் என்று நினைத்தேன். வீதியில் இறங்கியதும், லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"கத்திரிப்பூ கலர் சேல நெறைய எறக்குறான், பாத்தியா? பாதி மிஞ்சும். யாருடா கட்டுவா அத?" என்று கேட்டுவிட்டு, எதிரே வருகிற பெண்களின் சேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.