அடிக்காதே, அடிக்காதே

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கோஷம் போடுகிறவன் நான். வேறு தகுதி எதுவும் கிடையாது, தொண்டைதான். நான் ஒரு வரி சொல்வேன், கூட்டம் அதையே திருப்பிச் சொல்லும். என்ன சொல்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. பத்து நாள் கத்தியபின் நானும் யோசிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பதினோராம் நாள் காலை, எங்கள் வேலையைச் செய்ய வெளியாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் ஆலை வாசலுக்கு வந்தது. "துரோகியை விடாதே!" என்றேன் மெகாபோனில். "விடாதே! விடாதே!" என்று கூட்டம் வேனைச் சூழ்ந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு வாயிலேயே மிதித்தார்கள். அடுத்தவனைக் கம்பியால் காலில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் உரக்கக் கத்தினேன்.

மூன்றாவதாக இழுத்துப் போடப்பட்டவன் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. என் மனைவியின் தம்பி. வேலையில்லாமல் இருந்தவன், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறியிருக்கிறான்.

"அடிக்காதே! அடிக்காதே!" என்று அலறினேன். பழக்கதோஷம், அதுவும் கோஷத்தின் ராகத்திலேயே வந்தது. கூட்டமும் "அடிக்காதே! அடிக்காதே!" என்றது. சொல்லிக்கொண்டே அடித்தது. ஒவ்வொரு அடிக்காதேக்கும் ஒரு உதை, ஒரு கட்டையடி. மெகாபோனை வீசிவிட்டு ஓடிப்போய் அவன்மேல் விழுந்தேன். என் முதுகிலும் நாலு விழுந்தது. அதற்குள் அவனுடைய இடது கண் போயிருந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துத்தான் பேசினான். என் மனைவி என் பக்கமே திரும்பாமல் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ விழுந்ததுமே மூஞ்சிய பொத்திக்கிட்டேன் மாமா. எவ்வளவு அடிச்சும் கைய எடுக்கல. அப்பறம் அடிக்காதேன்னு உங்க குரல் கேட்டுச்சு. மாமா வந்துட்டாரு, இனிமே பயமில்லன்னு கைய எடுத்துட்டேன்."