மிக்கேல் அண்ணனின் குளிர்கால ட்ரம்

மிக்கேல் அண்ணன் போய்விட்டார்.

காலையில் குளச்சலிலிருந்து அவர் மகள் ஜெனி போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப்பில் நானும் அவரும் ஒரே ரூம். ஏசி மெக்கானிக். நான் அவருக்கு ஹெல்ப்பர். துபாயில் தன் கை படாத ஏசி குறைவு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கடைசிச் சில வருடங்களாக அவருக்குக் காது கேட்கவில்லை. ஆயுள் முழுக்க கம்ப்ரஸர் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற காது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "கண்ட இரைச்சலும் கேட்குடே" என்று கழற்றி வைத்துவிட்டார்.

வீடியோ காலில் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். நான் ஏதாவது சொல்வேன். அவர் கையை எழுதுவது போல ஆட்டுவார். "எழுதி அனுப்பு மக்கா. நீ மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுனா எனக்கு என்ன வெளங்கும்?"

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதி அனுப்பினாள். அடுத்த காலில் அவருக்குத் திருப்தியே இல்லை. "இது ஒம் மவ பேச்சு. மரியாதையா இருக்கு. நீ பேசுனா இப்படியா இருக்கும்?"

அதற்காகத்தான் இந்த வயதில் எழுதப் படித்தேன். அஜ்மானில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வந்து அவள் சொல்லிக் கொடுத்தாள்.

துபாய் தேராவில் ஒரு கடை போர்டில் 'பட்டுச் சேலைகள்' என்று நானே படித்த அன்று, மகள் சேலை கட்டுவதில்லை, இருந்தும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அண்ணனுக்கு எழுத முதலில் நான் எடுத்தது அந்த பீர் ட்ரம் கதை.

கேம்ப்பில் இருந்தபோது ஒரு வருடம் கிறிஸ்மஸுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ரூமிலேயே பீர் போடுகிறேன் என்று கிளம்பினார். மால்ட் பானம், சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். எல்லாம் ஒரு நீல ட்ரம்மில்.

ஆனால் டிசம்பர் குளிரில் ஈஸ்ட் எழும்பவில்லை. ட்ரம்மில் காதை வைத்துக் கேட்பார். "ஒரு அனக்கமும் இல்ல. ஒறங்குது." கம்பளி சுற்றினார். பிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு ஹீட்டர் வாங்கலாமே அண்ணே என்றேன். "ஏசி மெக்கானிக் ரூம்ல ஹீட்டரா? மானம் போயிரும்டே."

அடுத்த வெள்ளிக்கிழமை ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே, எங்கள் விண்டோ ஏசியின் பின்பக்கம் வைத்தார். ஏசி ஓடினால் பின்னால் சூடான காற்றுதானே வரும்... குளிரில் ஏசி தானாக நின்றுவிடக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி டைரக்டாக வயர் கொடுத்தார்.

ட்ரம்முக்குக் கோடைக்காலம் வந்தது. உள்ளே எங்களுக்கு நடுக்கம்.

ரூமில் மூன்றாவது ஆள் செல்வம். தலையில் குரங்குக் குல்லா, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். "யண்ணே, ஒங்க பீரு பொறக்கறதுக்குள்ள நாங்க செத்துருவோம்ணே."

"கோழி அடைகாக்கும்போது இப்பிடியாடே பொலம்புது? கெட."

ஏசி சத்தம் கேட்டு, கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் வந்தார். மலையாளி. மாட்டினால் வேலை போகும், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கம்பளிக்குள் இருந்த எங்களைப் பார்த்தார். "எந்தா மிக்கேலே, ஈ குளிரத்து ஏசியோ?"

"கம்ப்ளெயின்ட் வந்த ஏசி சார். டெஸ்டிங்ல இருக்கு."

ஈஸ்ட் வாசனை எட்டியிருக்க வேண்டும், கேம்ப் பாஸ் மூக்கை உறிஞ்சினார். "டெஸ்டிங் முடிஞ்ஞா என்னையும் விளிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸ் அன்று திறந்தோம். முதல் வாய் அண்ணன்தான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "குளுந்து கெடந்தது நாம. புளிச்சுக் கெடக்கது இது."

இருந்தாலும் குடித்தோம். கேம்ப் பாஸும் ஒரு கிளாஸ் குடித்தார். எழுந்து போய் ஏசியை ஆஃப் பண்ணிவிட்டுப் போனார்.

இந்தப் போஸ்ட்டைப் பார்த்துவிட்டு, ட்ரம்மை மட்டும் எடுத்துடுங்கப்பா, நாலு பேர் படிப்பாங்க என்கிறாள் மகள். ட்ரம்மை எடுத்துவிட்டால் அண்ணனைப் பற்றி நான் என்ன எழுத...

நான் எழுதப் படிப்பது அவருக்குத் தெரியும். மகள் மெசேஜில் சொல்லியிருந்தாள். 'வரட்டு. வாசிக்க கண்ணு நல்லாத்தான் இருக்கு' என்று பதில் போட்டிருந்தார்.

எழுதி முடித்தும் சில நாளாகிவிட்டது. அனுப்பவில்லை. பிழை இருந்தால் கேலி செய்வார் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன். மகளிடம் காட்டவும் மனசில்லை. முழுக்க என் எழுத்தாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

கேலி செய்யட்டும் என்று அனுப்பியிருக்கலாம்.

நாளை சாயங்காலம் அடக்கம். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. போக முடியாது.

மேலே இருக்கும் ட்ரம் கதை அவருக்கு எழுதியதுதான். 'நீங்க' என்றதை மட்டும் 'அவர்' என்று மாற்றி அப்படியே போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

போய்ட்டு வாங்க மிக்கேல் அண்ணே.