எலுமிச்சம்பழத்தின் முன் நின்ற வண்டி

என் மகள் ஒரு கார் கம்பெனியில் எஞ்சினீயர். காருக்குள் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இதை நான் பலரிடம் கேலியாகச் சொல்லியிருக்கிறேன். "இவ்ளோ படிச்சுட்டு, கார் கதவைத் தெறந்து தெறந்து மூடி, சத்தம் எப்படி வருதுனு கேட்டுக்கிட்டு இருக்கா" என்பேன். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். கேட்பவர்கள் மரியாதைக்காவது சிரிப்பார்கள்.

அவளுடைய கம்பெனியின் சின்ன கார்தான் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு முதல் கார் அதுதான். மைலேஜ் கொடுக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பான். கதவைச் சாத்தினால் மட்டும் எண்ணெய் டின்னைத் தட்டியது மாதிரி இருக்கும். அந்தக் கம்பெனி பெரிய பணக்காரர்களுக்காக ஒரு சொகுசு செடான் கொண்டு வரப்போகிறது என்று மகள் சொன்ன அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இட்லிக் கடைக்காரன் ஸ்டார் ஓட்டல் தெறந்தா, அங்க போறவன் இட்லியா கேப்பான்?"

"நல்லா இருந்தா கேப்பான்ப்பா."

சில பொருள்களை அவற்றின் விலை அதிகம் என்பதற்காகவே மக்கள் வாங்குகிறார்கள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அங்கே விற்பது பொருள் அல்ல, பெயர். சிக்கனத்துக்குப் பெயர் எடுத்தவன் அந்தக் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன். என் மகளும் அவளோடு வேலை செய்தவர்களும் வருடக்கணக்காக அந்தக் கடைத்தெருவுக்குத்தான் வழி செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

என் மனைவியின் தம்பிக்குக் கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலை. ஜெர்மன் கார் வாங்கும் வசதி உள்ளவர். ஒருநாள் வந்து, "மாமா, பாப்பா செஞ்ச வண்டியையே எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"பாசம் வேற, வண்டி வேற மச்சான். இவ்ளோ காசு போட்டு இந்தக் கம்பெனி வண்டியானு கேப்பாங்க."

"கேட்டா எங்க பாப்பா செஞ்சதுனு சொல்லிட்டுப் போறேன்."

ஊரில் அந்தக் காரை அதுவரை யாரும் வாங்கவில்லை. வசதி உள்ளவர்கள், வேறு யாராவது வாங்கட்டும், பார்த்துக்கொள்வோம் என்று இருந்தார்கள். மகளுக்கு அதுதான் கவலை. "மாமா வண்டியில சின்னக் குறை வந்தாலும் ஊரே பேசும்ப்பா. பாப்பா பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டார்னு மாமாவைச் சொல்லுவாங்க" என்றாள்.

புது வண்டிப் பூஜை தேரடி வீதியில் என்று முடிவானது. மகள் சென்னையிலிருந்து காலை பஸ்ஸில் வருவதாக இருந்தது. முந்தின நாள் போன் செய்தாள்.

"அப்பா, நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்கன்னா ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. முன்னாடி இருக்கிற கம்பெனி எம்பளத்து மேல சந்தனமும் வேணாம், மாலையும் வேணாம். அதுக்குப் பின்னாடிதான் வண்டியோட கண்ணு இருக்கு. மாலை தொங்கினா, எதிர்ல ஆள் நிக்குதுனு நெனச்சு வண்டி தானே நின்னுடும். ஷோரூம்ல சொன்னாலும் மாமா அந்த அவசரத்துல காதுல வாங்க மாட்டார். நீங்க சொல்லுங்க."

"சரி" என்றேன்.

காலையில் வண்டியைப் பார்த்தேன். கருநீலம். எதிரே இருந்த கோயில் கோபுரத்தின் பிம்பம் அதன் பக்கவாட்டில் நெளியாமல், உடையாமல் அப்படியே விழுந்திருந்தது. பூ விற்கும் அம்மா கையிலிருந்த சரத்தைத் தொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டு வாசலில் நிற்கும் அந்தச் சின்ன காரைச் செய்த கைகளா இதையும் செய்தன?

குருக்கள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு எம்பளத்தை நோக்கி வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அங்க வேணாம் சாமி" என்ற மூன்று சொல் போதும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நன்றாக நினைவிருந்தது. அந்த வண்டி ஒரே ஒரு தடவை தடுமாற வேண்டும், நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்று மனதின் ஏதோ ஒரு மூலை ஆசைப்பட்டது. அவர் அப்பினார், குங்குமம் வைத்தார், கனமான சாமந்தி மாலையை வண்டியின் மூக்கின் மேல் தொங்கவிட்டார். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தால் திருஷ்டி கழிந்தது என்று கணக்கு. மைத்துனர் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி அசைந்தது, கீச் கீச்சென்று கத்தியது, சடக்கென்று நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடியும் நின்றது. பழங்கள் முழுசாக இருந்தன.

"வண்டி சுத்த சைவம் போலருக்கு. பழத்தைக்கூட நசுக்க மாட்டேங்குதே!" என்றார் பூக்கார அம்மா. கூட்டம் சிரித்தது. மைத்துனர் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "பழம் நசுங்கலையேங்க" என்றார் மெதுவாக.

நான் அப்போது வாயைத் திறந்தேன். "நான் அன்னைக்கே சொன்னேன் மச்சான்."

பின்னால் ஆட்டோவிலிருந்து என் மகள் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வண்டியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குருக்களிடம் போய், "சாமி, மாலையைக் கண்ணாடிக்கு மேல மாத்திக்கலாங்களா?" என்று கேட்டாள். துப்பட்டா நுனியால் சந்தனத்தை வழித்துத் துடைத்தாள்.

"இப்ப எடுங்க மாமா."

நான்கு பழமும் சளக்கென்று நசுங்க, வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

"ஏன் பாப்பா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மைத்துனர்.

"மறந்துட்டேன் மாமா" என்றாள் அவள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதன் பிறகு எல்லோரும் கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு போகலாம் என்று ஏறினோம். மைத்துனரும் அவர் மனைவியும் முன்னால், நானும் என் மனைவியும் மகளும் பின்னால். கதவு மூடியது. அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? தேரடி வீதி முழுவதும் கண்ணாடிக்கு அப்பால் வாயசைத்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தது, டிரைவரின் கை தெரிந்தது, சத்தம் எங்கோ அடுத்த ஊரில் கேட்டது. கூரைக் கண்ணாடியில் மலை மெல்ல நகர்ந்து வந்தது. முதுகுவலிக்காரியான என் மனைவி, வேகத்தடைகளை எல்லாம் தாண்டியது தெரியாமல், "மலை நம்ம கூடவே வருதுடி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த அமைதியை என் மகள் செய்திருக்கிறாள். இல்லாத ஒன்றை அல்லவா இத்தனை வருடம் செய்துகொண்டிருந்தாள்! கோயில் கருவறைக்கு வெளியே எனக்கு இப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை.

எங்கள் பழைய காராக இருந்தால், எஞ்சின் இரைச்சலில் ஏதோ முணுமுணுத்து முடித்திருப்பேன். இங்கே அதற்கு வழியில்லை. மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"மச்சான், பாப்பா மறக்கல" என்றேன். "நேத்தே எங்கிட்ட சொன்னா. வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல. வண்டி நிக்கணும்னு நெனச்சேன்."

என் மனைவி மகளின் கையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு மைத்துனர், "வாத்தியாரே பிட் அடிச்சா எப்படி மாமா?" என்றார். சிரிப்பு வரவழைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வழியில் ஒரு லிங்கம் கோயில் முன்னால் இறங்கினோம். மற்றவர்கள் உள்ளே போனார்கள். மகள் கடைசியாக இறங்கிக் கதவைச் சாத்தினாள். மூடிய பிறகும் தலையை லேசாகச் சாய்த்து ஒரு நொடி நின்றாள். வேலைப் பழக்கம்.

"இன்னொரு தடவை மூடும்மா" என்றேன்.

"கேலியாப்பா?"

அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம். "இல்லம்மா. கேக்கணும்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, மெதுவாக விட்டாள். நானும் தலையைச் சாய்த்துக் கேட்டேன்.