தூதரைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை

கூலாயில் நடந்த நினைவு விழாவுக்கு மலர் தொகுத்தவன் நான்தான். இந்திய விடுதலைக்காகச் சிறை சென்று, போர்க்காலத்தில் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் பேசிப் பேசி விடுதலைப் படைக்கு ஆள் திரட்டி, சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தூதராக இங்கேயே திரும்பி வந்த தலைவருக்கு விழா. அவர் சிறையிலிருந்த மாதங்களை ஆண்டுகளாக்கியது என் கைங்கரியம். செத்தவருக்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டு, பால் மரம் சீவும் கத்தியைப் போட்டுவிட்டுப் பெண்கள் படைக்குப் போனவர் என் பெரியம்மா. இப்போது வயது தொண்ணூற்றாறு. கையில் இன்னமும் சிவப்பு அடையாள அட்டை. இங்கே மலேசியாவில் வசிக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை. கண் மூடுவதற்குள் குடிமக்களுக்கான நீல அட்டையை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார் என்றதும் என்னை மனு எழுதச் சொன்னார்.

பழைய படை வீரர்களுக்குச் சான்றிதழ் உண்டு என்றார்கள். விண்ணப்பத்தில் நீல அட்டை நகல் கேட்டிருந்தது. இந்தியாவுக்காகத் துப்பாக்கி தூக்கியதை ஒப்புக்கொள்ள மலேசியக் குடிமகளாக இருக்க வேண்டுமாம். விழாக்குழுச் செயலாளர் ரொம்பவும் வருத்தப்பட்டார். பொன்னாடைக்கு அட்டை தேவையில்லை என்று ஆறுதலும் சொன்னார். தலைவரைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை பேசட்டும், அட்டைப் பேச்சு மட்டும் வேண்டாம் என்றார்.

வரவேற்புரையே முக்கால் மணி நேரம். ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவருக்குக்கூடப் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியாகப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ஐயா தோட்டத்துக்கு வந்தப்ப, நீங்கல்லாம் இந்தியாவோட பிள்ளைங்கன்னு சொன்னாரு. போனேன். அப்புறம் தூதரா வந்தப்ப, அட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யான்னு போய் நின்னேன். இனிமே இதுதாம்மா உங்க நாடு, உங்க கவர்மெண்ட்டக் கேளுங்கன்னாரு. அதான் கேக்க வந்திருக்கேன்."

மனுவைச் சட்டமன்ற உறுப்பினரிடம் நீட்டினார். அறிவிப்பாளர் சுதாரித்துக்கொண்டு, தலைவரின் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்க, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. உறுப்பினர் மனுவை இரு கையாலும் வாங்கி, மூன்று முறை கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் காரில் ஏறும்போது அவருடைய உதவியாளர் ஓடி வந்தார். நம் தமிழ்ப் பையன்தான், மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை. மனுவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சோம், அங்கிள். இது இந்தியா விசயமா இருக்கு லா. இந்தியத் தூதரகத்துல கேட்டுப் பாருங்க."

வாய்க்கு வந்தபடி கத்த ஆரம்பித்தேன். பெரியம்மா காருக்குள்ளிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"திட்டாதய்யா. தம்பி நல்லா வருவாரு. தூதராவே போவாரு."