கிருமிகளுக்குப் பொதுமன்னிப்பு

தானியக் கிடங்குகளில் பூச்சிக்குப் புகை போடுவதுதான் அவர் தொழில். மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் மணல் பைகளால் அடைத்துவிட்டு வந்தாரென்றால் உள்ளே ஒரு வண்டுகூட மிஞ்சாது. வேலையில் குறை சொல்ல ஆளில்லை. அந்தத் தெம்பில் தன் நெஞ்சையும் ஒரு கிடங்காகவே நடத்திவந்தார். சாப்பிட்டு எழுந்தால் ஒரு சிகரெட், பஸ்ஸுக்கு நின்றால் ஒரு சிகரெட். கேட்டால், "உள்ள இருக்கற கிருமிக்கு" என்பார்.

ஊருக்குள் புதிதாக எந்தச் சளி வந்தாலும் முதலில் அவரிடம்தான் வரும், கடைசியாகத்தான் போகும். தகரம் கீறிய கைப்புண் ஆறுவேனா என்றது. "புகை பத்தலை" என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்.

மகள் பிரசவம் முடிந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். பேரனைத் தூக்கக் கைகளை நீட்டிக்கொண்டு அறைக்குள் போனார். இருமலும் கூடவே போனது.

"அங்கேயே நில்லுங்கப்பா. சிகரெட்டை விடுங்க, இருமல் நிக்கட்டும். அதுக்கப்புறம்தான் பிள்ளையைத் தொடணும்."

"அடிப் பைத்தியமே! புகை பிடிக்கறதாலதான் இந்த அளவுக்காவது இருக்கேன். கிருமியெல்லாம் அதுலதான் சாகுது."

"கிருமி எங்கப்பா சாகுது? டாக்டர் அவ்வளவு சொன்னாரே. மூச்சுக்குழாய்ல அழுக்கைக் கூட்டித் தள்ள சின்னச் சின்ன முடி மாதிரி இருக்காம். நுரையீரல்ல கிருமியைத் தின்னுற அணு இருக்காம். உங்க புகை அதுங்களைத்தான் முதல்ல சாய்க்குதாம்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "கிடங்குப் பூனை உங்க தார்ப்பாய்க்குள்ள மாட்டிச் செத்துச்சே, மறந்துட்டீங்களா? அப்புறம் வெளியில இருந்த எலியெல்லாம் குடும்பத்தோட குடியேறலையா? அதே கதைதான் உங்க நெஞ்சுலயும்."

தொழிலிலேயே கை வைத்துவிட்டாள். நீட்டிய கைகளைக் கீழே இறக்கினார். பேரன் தூக்கத்தில் ஒரு காலை உதைத்தான்.

சிகரெட்டை விட்டார். விட்ட சில நாளில் இருமல் இன்னும் கூடியது.

"பாத்தியா? கேக்க ஆளில்லாம கிருமிங்க ஆட்டம் போடுது!"

"மயங்கிக் கிடந்த அந்த முடிங்க எழுந்து அழுக்கைக் கூட்டித் தள்ளுதுப்பா. பொறுங்க."

இருமல் ஓய்ந்த ஒரு காலையில், மகள் அவர் சட்டையை ஒருமுறைக்கு இருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அவர் மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

தோற்றதாக மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிடங்கில் யாராவது சிகரெட்டை நீட்டினால், "வேண்டாம்ப்பா, பேரன் வளர்ற வரைக்கும் கிருமிங்களை மன்னிச்சு விட்டிருக்கேன்" என்கிறார், பெருந்தன்மையோடு.