கிளாரா மைனியின் சத்தம்

எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் ஒரு சீனப் பெயர் உண்டு: லின் அம்மாள். என் அண்ணன் மகள் ஜின்சி சீனாவில் டாக்டருக்குப் படித்தபோது அவள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவர். அவரை நான் ஏசிய ஏச்சையெல்லாம் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜின்சியின் அம்மா கிளாரா மைனி இருபது வருஷமாகக் கோட்டாறு சந்தையில் மீன் விற்கிறாள். அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவள். மைனி ரகசியம் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். தினமும் வீடியோ காலில், "ஏட்டி, சோறு தின்னியா?" என்று அவள் கேட்பது அந்த ஹாஸ்டல் முழுக்கக் கேட்டிருக்கிறது.

ஒருநாள் வார்டன் ஜின்சியின் கதவில் தாள் ஒட்டிவிட்டார். 'பூ வென்மிங்' என்று எழுதியிருந்ததாம். நாகரிகமில்லாதது என்று அர்த்தம். எனக்கு வந்ததே கோபம்! "கடக்கரையில காத்துக்கு மேல பேசணும், அவளுக்கு என்ன தெரியும்?" என்று குதித்தேன்.

"விடு மக்கா. நம்மாலே பிள்ளைக்குக் கொறச்சல் வரப்படாது," என்றாள் மைனி. அன்றிலிருந்து, பாவம், போனில் குசுகுசுத்தாள்.

ஜனவரி விடுமுறையில் மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜின்சி அறையில் தனியாக இருந்தாள். ஒருநாள் ராத்திரி வீடியோ காலில், இரண்டு நாளாக வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்துச் சரிந்தாள். போன் கீழே விழுந்தது. திரையில் வெறும் மேல்கூரைதான் தெரிந்தது.

"ஏட்டி ஜின்சி! எம்மா, ஆராவது ஓடி வாங்களேன்!"

மைனி கத்தினாள் பாருங்கள், அப்படியொரு சத்தத்தை நான் சந்தையில்கூடக் கேட்டதில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். கடைசியில் அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சண்டைக்கு வந்த வார்டனின் குரல் அந்தச் சீனச் சொல்லைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. பிறகு ஓடும் காலடிகள். அழைப்பு அறுந்துபோனது.

மறுநாள் காலைவரை தகவல் இல்லை. மாதா படத்துக்கு முன்னால் அழுதுகொண்டே கிடந்தோம். போன் அடித்ததும் மைனி பாய்ந்து எடுத்தாள். திரையில் தலை கலைந்து, கண் சிவந்து, லின் அம்மாள்.

"எம் பிள்ள எங்க?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போனைத் திருப்பிக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜின்சி தூங்கிக்கொண்டிருந்தாள். குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனதும், இரவெல்லாம் அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

"நீ நல்லாயிருப்பே தாயே!" என்று கத்த வாயெடுத்த மைனி, சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று.