டாக்டர் மலையேறி வந்த நாள்

இரண்டாயிரமாவது ஆண்டு, மிளகு பறித்து முடிந்திருந்த சமயம். கொல்லிமலைப் பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வுக்காக, அரியூர் நாடு என்னும் மலையூர்த் தொகுதியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. பிள்ளைக்கு மனசில் ஏதாவது சங்கடம் உண்டா, உண்டென்றால் ஏன் வைத்தியம் பார்க்கவில்லை? இரண்டாவது கேள்விக்கு விடைகள் அச்சடித்தே இருக்கும்: தூரம், பணமில்லை, வெட்கம், நம்பிக்கையில்லை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் எதில் டிக் அடிப்பதென்று தெரியவில்லை.

அந்த வீட்டு மகளுக்கு ஏழு வயது. உள்ளே ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் வாயே திறக்க மாட்டாள். ஜூன் மாதம் பேச்சு வராத பிள்ளைகளுக்கான விடுதியில் சேர்த்துவிடும்படி பள்ளி ஆசிரியர் சொல்லியிருந்தார். மகளைப் பிரிய வேண்டுமே என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை.

"டாக்டர்கிட்டப் போகலையா?"

"மூணு தடவை போனேனுங்க. மலை ரோட்டுல எழுபது வளைவாச்சே, பஸ்ஸு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, கீழ போய்ச் சேர்றப்ப துவண்டு போயிர்றா. ஆஸ்பத்திரி டாக்டரு வாந்திக்கு மாத்திரை எழுதிர்றாருங்க. பேச மாட்டேங்கறான்னு சொன்னா, 'இத்தனை வாந்தி எடுத்தா எப்படிம்மா பேசுவா'ங்கறாரு."

இருவருமே சிரித்துவிட்டோம்.

"கசப்பு மாத்திரை!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

எதிலும் டிக் அடிக்காமல், 'வாந்தி' என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ஆய்வை நடத்திய மனநல மருத்துவர் அதைப் படித்துவிட்டுத் தானே மேலே வருவதாகச் சொல்லியனுப்பினார்.

சந்தை நாளன்று, சந்தை கூடும் சோளக்காடு என்ற ஊரில் அம்மாவும் மகளும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பஸ்ஸிலிருந்து அந்த மனநல டாக்டர் கடைசியாக இறங்கினார். வேகவைத்த கிழங்கு மாதிரி முகம் வெளுத்திருந்தது. பக்கத்திலிருந்த மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வாந்தியா சார்?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"டாக்டருக்கே டாக்டர் வேணுமாட்ட இருக்குதுங்க!" என்றார் எலுமிச்சம்பழம் விற்றவர். சந்தையே சிரித்தது.

அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து மகள் மெல்ல வெளியே வந்தாள். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. மாத்திரை வேண்டாங்க, கசக்கும்."

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "உனக்கு எந்த வளைவுல வாந்தி வரும், கண்ணு?"

"பாதியில. உங்களுக்கு?"

"மூணாவதுலயே."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு இருவரும் அந்த மூட்டை மேலேயே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஊமையெல்லாம் இல்லைம்மா. வெளியாட்கள் முன்னால் பேசப் பயம், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா போக்கிடலாம். விடுதி வேண்டாம், ஆசிரியர்கிட்ட நான் பேசறேன். மாசம் ஒரு சந்தைக்கு வந்து பார்க்கறேன்" என்றார் டாக்டர்.

"பஸ்ஸுலயாங்க?" என்றாள் மகள் கவலையாக.

ஜூனில் அவள் பழைய பள்ளிக்கூடத்துக்கே போனாள். வகுப்பில் வாய் திறக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆனால் டாக்டர் வரும் நாளில், அவர் இறங்க பஸ் படியில் கால் வைப்பதற்குள், சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்:

"இன்னிக்கு எத்தனாவதுலங்க?"